பெயரும் பழியும்: பாலியல் தொழில் குறித்த அறவிவாதத்தில் தமிழ்ச் சொற்கள்

திறவுச்சொற்கள்: பரத்தை, அலர், வரைவின்மகளிர், தாசி, விபசாரம், பாலியல் தொழிலாளி

முன்னுரை

பரத்தை, கணிகை, விலைமகள், தாசி, வேசி எனப் பாலுறவைப் பிழைப்பாகக் கொண்ட பெண்ணைச் சுட்டத் தமிழில் சொற்கள் பல. அவளிடம் பொருள் கொடுத்துச் செல்லும் ஆணுக்கு இப்படியொரு சொல்நிரை இல்லை. காமுகன் என்பது ஒருவனது இயல்பைக் குறிக்கும். கொடுக்கல் வாங்கலைக் குறிக்காது. இருபதாம் நூற்றாண்டில் வழங்கிய 'மைனர்' என்னும் சொல் சற்று நெருங்கி வருகிறது. எனினும் அதில் கண்டனத்தைவிடச் செல்வச் செருக்கும் ஓரளவு செல்லமுமே மிகுதி. பாலியல் தொழில் அறத்திற்கு மாறானதா என்ற வினா காலந்தோறும் எழுப்பப்பட்டுள்ளது. அதற்குக் கிடைத்த விடைகளில் பழி யார்மேல் வைக்கப்பட்டது என்பதைச் சொற்களின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

அலர் யாருக்கு?

சங்க மருதத்திணைப் பரத்தையை இன்றைய பாலியல் தொழிலாளியோடு அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழை. காதற்பரத்தைக்கும் தலைவனுக்கும் இடையிலான உறவு வெறும் விலையால் அமைந்ததன்று. ஆயினும் பழிச்சொல்லின் இயக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. குறுந்தொகை 8ஆம் பாடலின் கூற்றுக்குறிப்பு, தலைவி தன்னைப் புறங்கூறினாள் எனக் கேட்ட காதற்பரத்தை அவளுடைய பாங்காயினார் கேட்கும்படி சொல்லியது என்கிறது. இழித்துரைக்கப்பட்டவளுக்கு இங்கே மறுமொழி கூறும் உரிமை உண்டு. அவளது ஏளனம் தலைவியைக் காட்டிலும், தன்னிடம் ஒன்றும் மனைவியிடம் வேறொன்றுமாக நடக்கும் தலைவன்மீதே விழுகிறது.

திருக்குறளில் அந்தக் குரல் இல்லை. 'வரைவின்மகளிர்' அதிகாரம் பொருட்பாலில், பெண்வழிச்சேறலுக்கும் கள்ளுண்ணாமைக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. சூது அதற்கடுத்து வருகிறது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. கள்ளையும் சூதாட்டக் காயையும் போல, ஆணின் செல்வத்தையும் அறிவையும் அழிக்கும் ஒன்றாகப் பெண் எண்ணப்படுகிறாள். பொருட்பெண்டிர், இருமனப்பெண்டிர் ஆகிய சொற்கள் அவளது உள்ளத்தை அளக்கின்றன. அவள் ஏன் அந்நிலைக்கு வந்தாள் என்பது கேள்வியாகவே எழவில்லை. அறிவுரை பெறுபவன் ஆண் என்பதால் இது நூலின் நோக்கத்திற்கு இயைந்ததே. பிற்கால ஒழுக்கநூல்கள் அந்த நோக்கத்தை விட்டுவிட்டுப் பழியை மட்டும் எடுத்துக்கொண்டன என்று கொள்ள இடமுண்டு.

மணிமேகலையில் நிலை மேலும் சிக்கலாகிறது. 'ஊரலருரைத்த காதை'யில் இந்திர விழாவிற்கு மாதவியும் மணிமேகலையும் ஆட வராததால் ஊர் அலர் தூற்றுகிறது. அச்செய்தியைச் சித்திராபதி வயந்தமாலை வழியாக மாதவிக்குச் சொல்லியனுப்புகிறாள். அதாவது, இங்கே பழி தொழிலைச் செய்ததற்கன்று, அதை விட்டதற்கு. கணிகையர் குலத்தில் பிறந்தவள் தவநெறி மேற்கொள்வது நாணத்தக்கதாகிறது. தொழிலில் இருந்தாலும் இழிவு, விலகினாலும் அலர் என்ற இந்த இருபுறப் பூட்டு காப்பியத்தோடு முடியவில்லை.

சீர்திருத்தமும் எல்லைக்கோடும்

சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சி 1929இல் அறநிலையச் சட்டத் திருத்தத்தையும், ஈற்றில் 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் ஈன்றது. தாயின் வழியில் அவரும் அம்மரபோடு தொடர்புடையவர். இளஞ்சிறுமியரைப் பொட்டுக்கட்டி ஒரு வாழ்வுக்குள் தள்ளும் வழக்கத்தை அவர் எதிர்த்தமை நியாயமானது. அதில் ஐயத்திற்கு இடமில்லை. எதிர்த்தரப்பில் நின்ற தேவதாசியர் தாங்கள் கலையையும் கோயிற்பணியையும் பேணும் சமூகம் என்றும், தங்களை விலைமகளிரோடு ஒன்றாக எண்ணுவது இழிவு என்றும் விண்ணப்பித்தனர். கவனிக்க வேண்டியது இருதரப்பும் உடன்பட்ட புள்ளியை. தாசியை மீட்க வேண்டும் என்றவர்களும், தாசி வேறு என்றவர்களும் விலைமகள் இழிந்தவள் என்பதை வினவவே இல்லை. கோடு எங்கே இடுவது என்பதிலேயே பிணக்கு. கோட்டிற்கு அப்பால் நின்றவளுக்காகப் பேசியவர் அரிது.

தாசி மரபில் வளர்ந்து அதை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட புதினத்தின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. உள்ளிருந்தே வந்த விமர்சனம் என்ற வகையில் அதன் மதிப்பு பெரிது. எனினும் தலைப்பில் வலை பெண்ணுடையதாகவும் மதி ஆணுடையதாகவும் இருப்பது, குறளின் பழைய சட்டகம் சீர்திருத்த எழுத்திலும் எவ்வளவு ஆழமாக நின்றது என்பதைக் காட்டுகிறது.

சட்டத்தின் சொல்

'விபசாரம்' என்னும் வடசொல்லின் வேர்ப்பொருள் நெறி பிறழ்தல். தமிழ் விவிலிய வழக்கில் அது மணவாழ்வின் நெறி பிறழ்தலையே குறித்தது. பிற்காலத்தில் காசுக்கு உடலுறவு கொள்வதற்கும் அச்சொல்லே நிலைத்தது. இதனால் ஒரு பிழைப்புமுறை, பெயரளவிலேயே ஒழுக்கமீறலாகிவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் விடுதி நடத்துதல், பிறர் வருவாயில் வாழ்தல், பொதுவிடத்தில் அழைத்தல் முதலியவற்றைக் குற்றமாக்குகிறது. வயதுவந்த பெண் தன் விருப்பில் இத்தொழில் செய்வதைத் தன்னளவில் குற்றமாக்கவில்லை. ஆனால் 'விபசாரத் தடுப்புச் சட்டம்' என்று நாளிதழ்கள் எழுதும்போது இவ்வேறுபாடு வாசகரைச் சென்றடைவதில்லை.

கேரளத்தின் நளினி ஜமீலா 2005இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம்மைப் பாலியல் தொழிலாளி என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். தொழிலாளி என்ற சொல் உரிமையைக் கோருகிறது. கடத்தலையும் வறுமையையும் சாதியையும் அச்சொல் மறைத்துவிடும் என்று வாதிடும் பெண்ணியர் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. உச்ச நீதிமன்றம் 2023இல் வெளியிட்ட பாலின வார்ப்புரு குறித்த கையேடு முதலில் பாலியல் தொழிலாளி என்பதற்கு நிகரான சொல்லைப் பரிந்துரைத்தது. கடத்தலுக்கு எதிரான அமைப்புகளின் முறையீட்டிற்குப் பின், கடத்தப்பட்டவர், வணிகப் பாலுறவில் ஈடுபடுபவர், அதற்குக் கட்டாயப்படுத்தப்பட்டவர் எனச் சூழலுக்கேற்பச் சுட்டும் தொடர்கள் அவ்விடத்திற்கு வந்தன. ஒரே பெயரால் அனைவரையும் அடக்க முடியாது என்பதற்கான ஒப்புதலாக இதைக் கொள்ளலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறந்த ஆணை சொல்லைவிட நடைமுறையில் கருத்துச் செலுத்தியது. காப்பகங்களில் விருப்பத்திற்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களை விடுவிக்கக் கணக்கெடுக்கவும், சோதனைகளின்போது அவர்களின் அடையாளம் ஊடகங்களில் வெளிவராமல் காக்கவும் அது பணித்தது. முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளர்களுக்கு ஆதார் அட்டை வழங்கச் சொன்ன அவ்வாணை, அட்டைக்கான பதிவெண்ணில் அவர்களின் தொழிலைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியும் இருக்கலாகாது என்றும் விதித்தது.