பழைய காரின் தண்ணீர் என்ன நிறம்?

செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்? சீட் கவர் கிழியாமல் இருக்கிறதா, ஏ.ஸி. குளிர்கிறதா, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் உள்ள திரவத்தின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எஞ்சினின் சூட்டை வாங்கிப் போய் ரேடியேட்டரில் ஆற்றிவிட்டு வருகிற கூலன்ட் அது. பச்சை, ரோஸ், நீலம் என்று கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஆனால் எதுவானாலும் தெளிவாக இருக்கவேண்டும்.

பட்டு வேட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக வசதி என்று சென்ற வருஷம் என் கணவர் 12 வருஷம் ஓடின கார் ஒன்றை வாங்கினார். டப்பாவில் கடுங்காப்பி மாதிரி தண்ணீர்! "இது கூலன்ட்டே இல்லீங்க அக்கா. போர்த்தண்ணிய ஊத்தியே ஓட்டியிருக்காங்க" என்றார் மெக்கானிக் தம்பி. சேலத்துப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். எஞ்சினின் இரும்பு துருப்பிடித்துக் காப்பி நிறம் கொடுக்கும். மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மே மாதம் ஏற்காடு போகத் திட்டம். 20 கொண்டை ஊசி வளைவு! வழியில் கொதித்தால் என்ன கதி?

காப்பி நிறம் என்றால் அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பால் விட்ட டீ மாதிரி கலங்கி, மேலே எண்ணெய் மினுங்கினால்தான் பயப்படவேண்டும். எஞ்சின் ஆயில் உள்ளே கலக்கிறது என்று அர்த்தம். ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் அளக்கும் கம்பியையும் உருவிப் பாருங்கள். அதிலும் பால் காப்பி மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. எங்கள் கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்தது. பெருமூச்சு விட்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அடியில் உள்ள திருகைத் திறந்து பழைய தண்ணீரை பேஸினில் பிடித்தோம். பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து (சேலத்து வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள், அதன் குழாயிலும் அழுக்கு உண்டு) ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டார் தம்பி. சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் எல்லா இடமும் சுற்றுமாம். மறுபடி ஆறவைத்து வடிக்கவேண்டும். சாயம் போட்ட நூலைத் தண்ணீர் தெளியும்வரை அலசுவோமே, அதே கதைதான். எங்களுக்கு நாலு முறை ஆயிற்று. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் போகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். ரேடியேட்டரின் அலுமினியத்தையே அது அரித்துவிடும் என்று தம்பி மறுத்துவிட்டார்.

கடைசியில் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்தக் கலவை 107 டிகிரி வரை தாங்கும், மூடியின் அழுத்தத்தில் 120-ஐயும் தாண்டும். துருவையும் தடுக்கும். இரண்டு வகைக் கூலன்ட்டை மட்டும் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். மூடியைத் திறந்து வைத்தே கொஞ்ச நேரம் ஓட்டி, காற்றுக் குமிழி நின்றபின் மூடினார்.

பேஸினில் பிடித்த பழசை என்ன செய்வது? இங்கேதான் பெண்கள் கவனம் வேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலி வாங்கிய இருமல் மருந்தில் கலந்திருந்ததும் இதன் பங்காளியான டைஎத்திலீன் கிளைக்கால்தான். அழகான நிறம், இனிப்பு ருசி, குழந்தை விடுமா? மிச்சத்தைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குடித்தவர்கள் முதலில் போதை ஏறினவர்போல் தள்ளாடி வாந்தி எடுப்பார்கள். பிறகு சிறுநீரகம் பழுதாகும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுக்கவேண்டும். சாக்கடையிலோ தெருவிலோ கொட்டினால் நாயும் ஆடும் குடிக்கும். எங்களுடையதை மூடியுள்ள கேனில் ஊற்றி, தம்பியே பட்டறைக்கு எடுத்துப் போனார்.

முதல் இரண்டு நாள் டப்பாவில் ஒரு விரல் அளவு குறைந்தது. அடைபட்ட காற்று வெளியேறினால் அப்படி ஆகுமாம். மேலே ஊற்றினோம். பிறகு குறையவில்லை. தொடர்ந்து குறைந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கூலன்ட் மாற்றிய தேதியைச் சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.