வெறுந்தேநீரின் சுவை

விருந்தினர் வாயிற்படி ஏறியதும் அடுப்பிற் கேத்தல் ஏறுவது நம்மவர் வழக்கம். தேநீர் அருந்தாத இல்லம் நம் நாட்டில் அரிது. ஆயினும் நாடோறும் மும்முறை, நான்முறை அருந்தும் இப்பானத்தை நாம் சுவைத்து அருந்துகிறோமா என்று கேட்டால், விடை கூறுவது எளிதன்று. பாலின் கொழுப்பையும் சீனியின் இனிப்பையும் சுவைக்கிறோம். தேயிலையோ நிறத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 1972 ஆம் ஆண்டில் நாடு ‘சிலோன்’ என்னும் பெயரைக் கைவிட்ட பின்னரும் தேயிலை மட்டும் அப்பெயரோடேயே உலகம் சுற்றி வருகின்றது. அத்தகைய புகழ்பெற்ற இலையைப் பற்றி அது விளையும் நாட்டிலேயே இவ்வளவு அசட்டை நிலவுவது வியப்பன்றோ?

கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டமை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. இரண்டு ஆண்டுகளுக்குள், 1869 இல், கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பற்றியது. கோப்பியை நம்பியிருந்த துரைமார் பலர் நிலைகுலைந்தனர். மலைகள் தேயிலைக்கு மாறின. கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த மக்களின் உழைப்புத்தான் இம்மாற்றத்தையும் தாங்கியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய கதையை இங்கு விரிக்கப் புகின் கட்டுரை வேறு திசையிற் சென்றுவிடும். ஆயினும் அதனை நினையாமல் தேநீரைப் பற்றி எழுதுவதும் நமக்கு இயலவில்லை.

பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் செடி ஒன்றே, செய்முறைதான் வேறு. பறித்த கொழுந்தை முதலில் நீண்ட தொட்டிகளிற் பரப்பிக் காற்றூட்டி வாட்டுவர். இதற்கு ஓர் இரவுப் பொழுது செல்லும். இலையில் இருந்த நீரிற் பெரும்பங்கு ஆவியாகி, இலை துணிபோலத் துவண்டுவிடும். அடுத்து உருட்டும் பொறியில் இட்டுக் கசக்குவர். இங்கேதான் விந்தை தொடங்குகிறது. கத்தரிக்காயை அரிந்து வைத்தாற் சிறிது நேரத்திற் கறுத்துவிடுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். அவ்வாறு கறுக்கச் செய்யும் நொதியமே தேயிலையிலும் இருக்கிறது. கசங்கிய இலையின் சாறு காற்றைச் சந்தித்ததும் பச்சை நிறம் செம்பாகி, புல்மணம் போய்ப் பழமணம் வருகிறது. தொழிற்சாலையில் இதனைப் ‘புளிக்க வைத்தல்’ என்பர். உண்மையில் தோசை மாப் புளிப்பதற்கும் இதற்கும் உறவில்லை. கிருமி எதுவும் இங்கு வேலை செய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனே வேலை செய்கிறது. மணம் பதமானதும் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தி அச்செயலை நிறுத்திவிடுவர். சற்று முந்தினாற் பச்சை வாடை போகாது. பிந்தினாற் சாரமற்றுச் சப்பென்றாகிவிடும். அந்தக் கணத்தை மூக்கால் அறிந்து சொல்வோரே ஸ்டோரில் மதிப்புக்குரியவர்.

இச்செயலிற் பிறக்கும் பொருள்கள் இரு வகையின. தியாபிளேவின் என்பது பொன்னிறத்தையும் உயிர்ப்பான துவர்ப்பையும் தரும். தியாரூபிஜின் என்பது செம்மையையும் கனத்தையும் தரும். கோப்பையின் விளிம்போரத்தில் தேநீர் பொன்வளையம் போல ஒளிருமாயின் முன்னையது போதிய அளவு உண்டென்று கொள்ளலாம்.

இனி, மலைக்கு மலை சுவை வேறுபடும். நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை; ஈராயிரம் அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை; இடைப்பட்டது மத்திய நிலத்தது. நுவரெலியாவின் தேயிலை வெளிறிய நிறமும் மென்மையான நறுமணமும் உடையது. மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளைக்குத் தை, மாசி, பங்குனி மாதங்களே சிறந்த பருவம். காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையோ கரிய, கனத்த சாயம் தருவது. மேற்காசிய நாட்டவர் அதனையே விரும்பி வாங்குவர். இன்று நம் நாட்டு விளைச்சலிற் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத்தது என்பதைப் பலர் அறியார்.

எமக்கு மிகவும் உவப்பானது ஊவாத் தேயிலை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்கு மலைகளிற் கொட்டிவிட்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று அழைக்கும் காற்று இதுவே. (கடலையை நினைத்துவிட வேண்டாம்!) அக்காற்றில் வாடும் செடி மெல்ல வளர்கிறது, வளர்ச்சி குறையக் குறைய மணம் செறிகிறது. உடல் நோவுக்குப் பூசும் தைலங்களில் ஒருவிதக் குளிர்ந்த மணம் உண்டல்லவா? அம்மணத்தைத் தரும் மெதயில் சலிசிலேற்று என்னும் பொருளே ஊவாத் தேயிலையிலும் சிறிதளவு உண்டாகிறது. முதன்முறை அருந்துவோர் மருந்து வாடை என்று முகஞ் சுளிப்பதும், பத்தாம் முறையில் அதனையே தேடுவதும் உண்டு.

கடையில் வாங்கும்போது பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்னும் எழுத்துக்களைக் காண்கிறோம். இவை துகளின் அளவைக் குறிப்பன, சிறப்பின் அளவையல்ல. ‘ஒரேஞ் பீக்கோ’ என்பதிலும் தோடம்பழம் எதுவும் இல்லை. துகள் நுண்ணிதாயின் சாயம் விரைந்து இறங்கும், அவ்வளவே. நல்ல மலையின் தூள் மட்டமான மலையின் முழு இலையை வென்றுவிடும். ஆனால் தோட்டத்து லயங்களிற் கொதிப்பது பெரும்பாலும் கடைசித் தரத்துத் தூளே என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இங்கு ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாட்பேருக்குப் பதினெட்டுக் கிலோ அளவு கொழுந்து கேட்கப்படுகிறது. அது நான்கு கிலோ தேயிலையாகும். கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம் ஈராயிரம் கோப்பை. ஈராயிரம் பேர் அருந்துவதை ஒரு பெண் ஒரு பகலில் இரண்டு கைகளாற் பறிக்கிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாற்றான் சுவை சிறக்கும். முற்றல் இலை சேர்ந்தால் நிறை கூடும், சுவை கெடும். நிறையைக் கொண்டு நாட்பேரைக் கணித்து, அதிலும் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் மடுவத்திற் கிலோக் கணக்கிற் கழித்துவிட்டு, கொழுந்து மட்டும் இளசாக வரவேண்டுமென்று எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம் என்பது எமக்கு விளங்கவில்லை. நம் கோப்பையின் சுவை மலையிலும் காற்றிலும் மட்டுமன்றி அந்தத் தராசிலும் தங்கியிருக்கிறது.

இனித் தயாரிக்கும் முறை. கோப்பை ஒன்றுக்கு ஒரு சிறு கரண்டித் தேயிலை. நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பாத்திரத்தை முதலில் வெந்நீரால் அலம்பிச் சூடேற்றிக்கொள்க. தேயிலைமேற் கொதிநீரை ஊற்றி மூடி, தூளாயின் இரண்டு மூன்று நிமிடமும் இலையாயின் நாலைந்து நிமிடமும் பொறுத்து வடித்துவிடுக. தேயிலையை நீரிலிட்டுக் கொதிக்க வைப்பது மணத்தை ஆவியோடு அனுப்பிவிட்டுக் கசப்பைக் குடிப்பதாகும். வேடிக்கை என்னவென்றால், நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அம்மலைத் தேயிலையின் முழுச் சாரமும் கொழும்பிலேதான் நன்கு இறங்கும்!

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். அதில் இறக்கிய தேநீர் ஒளியின்றிக் கறுத்து, மேலே மெல்லிய ஏடு படரும். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியிற் படிந்ததை நீக்கித் தெளிவை மீண்டும் கொதிக்க வைத்தாற் குறை ஓரளவு தீரும். மழைநீர் சேமித்து வைத்திருப்போர் அதில் ஒருமுறை தயாரித்துப் பார்க்கட்டும். எலுமிச்சஞ் சாறு சில துளி விட்டால் ஏடும் மறையும், நிறமும் வெளிறும்.

சுவைப்பது எப்படி? தேயிலைச் சுவைஞர் பெருஞ் சத்தத்தோடு உறிஞ்சுவர். வீட்டிற் பிள்ளைகள் அவ்வாறு செய்தாற் கண்டிப்போம். அவர்களோ அதற்குச் சம்பளம் பெறுகின்றனர். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டுகிறது. மணம் இன்றேல் தேநீருக்குப் பாதிச் சுவையும் இல்லை. நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாக வைத்த துவர்ப்பை இக்கால அறிவியலார் நாவின் சுவையன்று, வாயின் தொடுவுணர்ச்சி என்பர். தேயிலைப் பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றுவதால் அது விளைகிறது. பாலிலுள்ள புரதம் அவற்றை முன்னரே பற்றிக்கொள்வதாலேயே பாற்றேநீர் துவர்ப்பதில்லை. எனவே ஊவாவையோ நுவரெலியாவையோ முதன்முறை அறிய விரும்புவோர் பாலை விலக்கிவிட்டு, சீனியைக் கலவாமல் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவதே தக்கது.

இல்லத்துக்கு இன்னும் சில. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை, அதிலும் கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ளதை, உடலிற் சேரவிடாது தடுக்கும். கருவுற்ற பெண்களும் வளரும் சிறுமியரும் சோற்றோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரமாயினும் இடைவெளி விடுதல் நன்று. தேயிலை அயலிலுள்ள வாடையையெல்லாம் ஈர்க்கும் இயல்பினது. கருவாட்டுக்கும் மிளகாய்த் தூளுக்கும் அருகில் அதனை வையாமல் இறுக மூடிய தகரப் பேணியில் வைக்க. மிக மலிவாகக் கிடைக்கும் தூளில் ஐயம் தோன்றின், ஈரமான வெள்ளை உறிஞ்சுதாளில் சிறிது தூவிப் பார்க்கலாம். உடனே கடும் நிறம் பரவினாற் சாயம் கலந்தது என்று ஐயுற இடமுண்டு.

நல்ல தேநீர் ஆறியபின் பாலாடை போலக் கலங்குவதைக் கண்டு சிலர் கெட்டுவிட்டதென்று ஊற்றிவிடுகின்றனர். கபேனும் தியாபிளேவினும் குளிரில் ஒன்றுசேர்வதால் உண்டாகும் கலங்கல் அது. மலிந்த தூளில் எளிதிற் காண முடியாது. சற்றுச் சூடாக்கினால் மீண்டும் தெளிந்துவிடும்.