குரோம்பேட்டையும் டோக்கியோவும்

தாம்பரத்தை விட்டுச் சென்னை நோக்கிப் புறப்படும் மின்சார ரயில் சானடோரியத்தில் ஒருமுறை நின்று, அடுத்தபடியாகக் குரோம்பேட்டையை அடைகிறது. பேட்டை என்பது நமது சொல். குரோம் என்பது ஓர் உலோகத்தின் பெயர். ஓர் உலோகம் தமிழ்நாட்டு ஊருக்குப் பெயராய் அமைந்த வரலாறு அவ்வூர் வழியே நாள்தோறும் போய்வரும் கனவான்களிற் பலருக்குத் தெரிந்திராது. அது நம் தேசத்துச் சாஸ்திர ஆராய்ச்சி பட்ட பாட்டையும் உடன் சேர்த்துச் சொல்லுவதாதலின், அதனை இங்கு விவரிக்க விரும்புகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் பொறியியற் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், வகுப்பில் பாடம் சொல்வதோடு நில்லாமல் கைத்தொழிற் பரிசோதனைகளில் இறங்கினார். அலுமினியப் பாத்திரத் தொழிலை முதலில் நடத்திக் காட்டினார். பிறகு ஆவாரம்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சர்க்கார் செலவிலேயே சோதித்துப் பார்த்தார். பட்டையில் ஊறவேண்டிய தோல் வாரக்கணக்கில் கிடக்கும். குரோம் முறையில் சில தினங்களில் வேலை முடிந்துவிடும். நீரில் நனைந்தாலும் கெடாத அத்தோல், கிணற்றில் கவலை இறைக்கும் குடியானவனுக்கும் பயன்படத்தக்கது. ஒரு கலாசாலை ஆசிரியரின் பரிசோதனை குடியானவன் கிணற்றடிவரை செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சாட்சியம் வேண்டுமோ?

ஆயினும் நேர்ந்தது என்ன? ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சலிட்டனர். 1910-ஆம் ஆண்டில் இந்தியா மந்திரி மார்லி பிரபு லண்டனிலிருந்து கட்டளை அனுப்பினார். சர்க்கார் பணம் கைத்தொழிலைக் கற்பிப்பதற்குச் செலவாகலாம். தொழிலை நடத்திக் காட்டும் முயற்சிக்குச் செலவாகலாகாது என்பது அதன் சாரம். 1912-ல் சேம்பர்ஸ் என்னும் முதலாளி பல்லாவரத்துக்கு அருகே குரோம் தோற்சாலையை ஏற்படுத்தினார். அதனால் ஊருக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது. பெயர் நிலைத்தது, கலாசாலைக்கும் தொழிற்சாலைக்கும் இருந்த உறவு அறுந்தது. "கற்பி, ஆனால் செய்யாதே" என்ற அந்தக் கட்டளையை இட்டவர்கள் 1947-ல் கப்பலேறிவிட்டார்கள். கட்டளை மட்டும் நம் கலாசாலைகளில் இன்னும் குடியிருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம்.

ஜப்பானியர் வேறு வழியிற் சென்றனர். 1873-ல் அவர்கள் டோக்கியோவில் பொறியியற் கலாசாலை ஒன்றைத் திறந்தபோது அதனைக் கல்வி இலாகாவிடம் விடவில்லை. மராமத்தையும் சுரங்கத்தையும் தந்தியையும் நடத்திய இலாகாவின் கீழ் வைத்தனர். ஹென்றி டையர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரை வரவழைத்துத் தலைவராக்கினர். ஆறு வருஷப் படிப்பில் கடைசி இரண்டு வருஷங்கள் வேலைத்தலத்திலேயே கழிந்தன. 1886-ல் அக்கலாசாலை சாம்ராஜ்ய சர்வகலாசாலையோடு இணைந்தது. இன்றைய டோக்கியோ சர்வகலாசாலையின் பொறியியற் பகுதி அதிலிருந்து வளர்ந்தது. வயதைப் பார்த்தால் நாமே மூத்தவர்கள். கிண்டிக் கலாசாலையின் மூலவேரான நில அளவைப் பள்ளி 1794-லேயே கோட்டையில் தோன்றியது. ஆனால் அது தோன்றியது கம்பெனியாரின் நிலங்களை அளக்க ஆள் வேண்டுமென்பதற்காக. நம்மவரில் ஆங்கிலம் கற்றவர்களோ, எம்மைப் போலவே, கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டுக்குப் போவதையே கல்வியின் பயனாகக் கொண்டிருந்தனர். இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

சுதந்திரத்துக்குப் பின் இந்த நிலைமையை மாற்ற முற்பட்டவர் ஒரு தனிமனிதர். சி. ராஜம் என்னும் தர்மவான் "இந்தியா ஹவுஸ்" என்ற தமது மாளிகையை விற்று, 5 லட்சம் ரூபாயை முன்வைத்து, 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்று ஜனங்கள் வழங்கும் தொழில்நுட்பக் கலாசாலையைத் தோற்றுவித்தார். விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், அளவைக் கருவிகள் ஆகிய துறைகளை அவர் தெரிந்தெடுத்தார். விமானம் செய்யும் தொழில் தேசத்தில் காலூன்றாத நாளில் விமானப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். சில ஆண்டுகளில் ராமேசுவரத்து வாலிபர் ஒருவர் அதே விமானப் படிப்பில் சேர்ந்தார். நுழைவுக் கட்டணத்துக்கு அவருடைய தமக்கை தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அவ்வாலிபர் அப்துல் கலாம் என்பதை நேயர்கள் அறிவர். 1980-ல் இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் முதல் துணைக்கோளை ஏற்றியபோது, அத்திட்டத்தின் இயக்குநர் அவரே. ஒருவர் வீட்டை விற்றார். ஒருவர் வளையலை அடகு வைத்தார். சர்க்கார் நிதிக்குக் காத்திருந்தால் இவ்விரண்டும் நடந்திரா.

இனி மறுபடியும் டோக்கியோவைப் பார்ப்போம். யுத்தத்தில் தோற்ற ஜப்பான், 1952 வரை விமான ஆராய்ச்சியே செய்யலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தது. தடை நீங்கிய மூன்றாம் ஆண்டில், 1955 ஏப்ரல் 12-ல், டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் இடோகாவா ஹிதேயோ, கொகுபுன்ஜி என்ற இடத்தில் ஒரு ராக்கெட்டைப் பலர் முன்னிலையில் செலுத்திக் காட்டினார். அதன் நீளம் ஒரு சாண், 23 சென்டிமீட்டர். அதை வானத்தில் விடவுமில்லை. தரைக்கு இணையாகக் குறுக்கே செலுத்தினர். பென்சில் ராக்கெட் என்று அதற்குப் பெயர். பதினைந்தே ஆண்டுகளில், 1970 பிப்ரவரி 11-ல், அதே சர்வகலாசாலையார் உச்சினோராக் கடற்கரையிலிருந்து 24 கிலோ எடையுள்ள ஓசுமி என்னும் துணைக்கோளை வானில் நிறுத்தினர். ருஷியா, அமெரிக்கா, பிரான்சு ஆகிய மூன்றுக்கும் அடுத்து, சொந்த ராக்கெட்டால் இதைச் சாதித்த நான்காவது தேசம் ஜப்பான். சாதித்தது ஒரு சர்வகலாசாலை.

இதில் நாம் வியப்பது ஐந்தாம் முறை கிடைத்த வெற்றியை அன்று. 1966 முதல் 1969 வரை நான்கு முறை அவர்களுடைய ராக்கெட் தவறியது. நான்கு முறை தவறிய ஆசிரியர்களுக்கு ஐந்தாம் முறையும் பணம் கொடுத்தார்களே, அதைத்தான் வியக்கிறோம். நமது ஊரில் முதல் தவற்றுக்கே தணிக்கை அதிகாரியின் கடிதம் வந்துவிடும்.

நம்மவர்க்குத் திறமை குறைவென்று எண்ண வேண்டா. 2009 ஏப்ரல் 20-ல் அனுசாட் என்னும் 40 கிலோ துணைக்கோள், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் வானேறியது. அதை உருவாக்கியது குரோம்பேட்டை எம்.ஐ.டி.; 1978 முதல் அது அண்ணா சர்வகலாசாலையின் அங்கம். விண்வெளி ஸ்தாபனத்தாரின் வழிகாட்டுதலில், இந்திய சர்வகலாசாலை ஒன்று இயற்றிய முதல் துணைக்கோள் அதுவே. செய்தியை ஓரிடத்தில் வாங்கி வைத்திருந்து வேறிடத்தில் இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. 2012 வரை அது பணியாற்றியது. மின்சார ரயிலின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் அமர்ந்து மாணாக்கரும் ஆசிரியரும் இதைச் செய்தனர். இன்னும் வடக்கே, 1959-ல் ஜெர்மானியர் உதவியுடன் பிறந்த ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்ந்த அக்னிகுல் என்னும் இளைஞர் கம்பெனி, முழுவதும் ஒரே துண்டாக அச்சிட்டெடுத்த எஞ்சின் கொண்ட ராக்கெட்டை 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்க விட்டது.

பின் குறை எங்கே? கணக்கில் இருக்கிறது. 2020-21-ஆம் ஆண்டில் இந்தியா தன் உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது நூற்றுக்கு 0.64. ஜப்பான் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் செலவிடுகிறது. அந்த 0.64-லும் உயர்கல்வி நிலையங்களின் பங்கு நூற்றுக்கு 8.8 தான். மாகாண சர்க்கார்கள் எல்லாம் சேர்ந்து போட்டது 6.7. மற்றவற்றிற் பெரும்பகுதி சர்க்காரின் தனி ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போகிறது. அந்நிலையங்கள் இருக்கும்போது கலாசாலையில் ஆராய்ச்சி ஏன் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ராக்கெட் தவறினால் அதனால் பாடம் கற்பவர்கள் அங்கே உத்தியோகம் பார்ப்பவர்கள் மட்டுமே. கலாசாலையில் தவறினால் ஒரு வகுப்பு முழுவதும் கற்கிறது. அடுத்த ஆண்டு அவ்வகுப்பு தேசமெங்கும் பரவிவிடுகிறது.

ஏழைத் தேசத்துக்கு இது கட்டுமா என்பது மற்றொரு கேள்வி. நாற்புறமும் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையமான சானடோரியத்தில் 1984 முதல் ஏற்றுமதி மண்டலம் நடக்கிறது. தெற்கே மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. இத்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஆட்களைக் கலாசாலைகள் பயிற்றுவித்து அனுப்புகின்றன. அங்கே செய்யும் பொருளின் வரைபடங்களிற் பல அயல்தேசத்தில் தீட்டப்பட்டு வருகின்றன. முதலாளிகள் ஆளைத் தேடி ஆண்டுதோறும் கலாசாலைக்கு வருகிறார்கள். தங்கள் தொழிலில் தீராத சிக்கல் ஒன்றையும், அதைத் தீர்க்கும் செலவையும் கையோடு கொண்டுவந்தால் என்ன?

2023-ல் பார்லிமெண்டு தேசிய ஆராய்ச்சி நிதி ஸ்தாபனச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம். அதில் சர்க்கார் தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடியும் தொழில் முதலாளிகளும் தர்மவான்களும் தரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மாகாண சர்வகலாசாலைகளுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கச் சென்னைச் சர்க்கார் வாதாட வேண்டும். தன் பங்காக, திட்டத்துக்குத் திட்டம் மனுப்போட்டு வாங்கும் தொகையாக அல்லாமல், பத்து ஆண்டுக்கு உறுதியான ஆராய்ச்சி மானியத்தையும் ஒதுக்க வேண்டும். கிண்டி முதல் மறைமலைநகர் வரையுள்ள முதலாளிகள் அந்த 36,000 கோடியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஆண்டு அறிக்கைகள் வெளிவருந்தோறும் நாம் பார்த்து எழுதுவோம்.