விடுதலைக்கு முந்தைய மருத்துவக் காப்பீடு

விடுதலைக்கு முந்தைய மருத்துவக் காப்பீடு என்பது, அமெரிக்கச் சிறைவாசிகள் வெளியே வரும் முன்பே அவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கச் செய்யும் ஏற்பாடாகும்.

வருமானம் குறைந்தோருக்கான மெடிக்கெய்டு திட்டம் 1965-இல் உருவானது. சிறைவாசிகளின் சிகிச்சைக்கு அதன் கூட்டரசு நிதியைச் செலவிடச் சட்டம் அப்போதே தடை விதித்தது. வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சை மட்டும் விதிவிலக்கு. இதனால் பலர் காப்பீடின்றியே விடுதலையாயினர்.

இந்த இடைவெளி உயிருக்கே ஆபத்தானது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோர் பற்றி 2007-இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் அம்மாநிலத்தின் பிற மக்களைவிட 12.7 மடங்கு, அளவுக்கு மீறிய போதைமருந்தே முதன்மைக் காரணம்.

2023 சனவரியில், விடுதலைக்கு முந்தைய 90 நாட்கள் வரை சில சேவைகளை மெடிக்கெய்டு வழியாக வழங்க முதல் மாநிலமாகக் கலிபோர்னியா ஒப்புதல் பெற்றது. போதைப்பழக்கத்திற்கான சிகிச்சையும், வெளியேறும்போது கையில் தரப்படும் மருந்துகளும் இவற்றுள் அடங்கும்.