நட்சத்திரங்களை எண்ணினால் மட்டும் போதாது

ஏசியிலும் கீசரிலும் ஒட்டியிருக்கும் லேபிள் பொய் சொல்வதில்லை. ஆனால் அதில் இருப்பது பெங்களூர் வீட்டுக் கணக்கு அல்ல.

பெங்களூர்க்காரர்களைப் பொறுத்தவரை ஏசி என்பது ஒரு காலத்தில் சென்னைக்காரர்களின் கவலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் மின்விசிறிக்கே அதிக வேலை இருந்ததில்லை. அந்தப் பெருமை கரைந்து வருகிறது. 2016 ஏப்ரலில் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரலில் மறுபடியும் 38 டிகிரியைத் தாண்டியது. ஏசி வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது: "எத்தனை ஸ்டார்?"

கேள்வி சரிதான். ஆனால் பதிலைப் புரிந்துகொள்வதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

2001-ம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2002-ல் அமைக்கப்பட்டது பி.இ.இ. என்ற மத்திய அரசு அமைப்பு. நட்சத்திர லேபிளை 2006-ல் அது அறிமுகப்படுத்தியது. அறை ஏசிகளுக்கு 2010-ல் லேபிள் கட்டாயமானது. 2018 முதல் நட்சத்திரங்களைத் தீர்மானிப்பது ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். ஒரு பருவம் முழுவதும் அறையிலிருந்து ஏசி வெளியேற்றும் வெப்பத்தை, அது செலவழிக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது இது. எண் 5 என்றால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐந்து யூனிட் வெப்பம் வெளியே போகிறது. இதில் மாயம் ஏதும் இல்லை. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது, அவ்வளவுதான்.

நட்சத்திரத்தின் மதிப்பும் நிலையானதல்ல. 2018-ல் ஸ்பிளிட் ஏசிக்கு 4.5 இருந்தாலே ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அந்தத் தகுதி 5 ஆக உயர்ந்தது. நேற்றைய ஐந்து நட்சத்திர ஏசி ஒரே இரவில் நான்கு நட்சத்திரமானது. எனவே லேபிளில் நட்சத்திரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது, அது எந்தக் காலத்துக்கானது என்பதை. தள்ளுபடியில் விற்கும் பழைய சரக்கில் இது மிக முக்கியம்.

1,600 மணி நேரம் யாருக்கு?

லேபிளில் அச்சாகியிருக்கும் ஆண்டு மின் செலவு, ஏசி வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அனுமானத்தில் போடப்பட்டது. வெளியே வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை இருக்கும் என்பதும் அனுமானம். சென்னைக்கு இது பொருந்தலாம். பெங்களூரிலோ பல வீடுகளில் ஏசிக்கு வேலை இரண்டு மாதம்தான்.

ஒரு கணக்குப் போடலாம். ஒன்றரை டன் ஏசி ஒன்றின் லேபிள் ஐந்து நட்சத்திரத்தில் 750 யூனிட் என்றும், மூன்று நட்சத்திரத்தில் 960 யூனிட் என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 210 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,470 ரூபாய் மிச்சம். விலையில் 8,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் ஐந்தரை ஆண்டுகளில் திரும்பிவிடும். அதே ஏசி பெங்களூரில் 320 மணி நேரம் மட்டும் ஓடினால் மிச்சம் சுமார் 42 யூனிட், அதாவது 294 ரூபாய். போட்ட பணம் திரும்ப 27 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஏசி இருக்குமா?

ஆனால் கர்நாடக அரசு 2023-ல் கொண்டுவந்த கிருக ஜோதி திட்டம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. வீட்டின் சராசரிச் செலவும் அதற்கு மேல் 10 சதவீதமும் இலவசம். அதைத் தாண்டி 200 யூனிட் வரை கூடுதலுக்கு மட்டும் கட்டணம். 200-ஐத் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம். மாதம் 115 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அந்த இரண்டு மாதமும் ஐந்து நட்சத்திர ஏசி ஓடினால் 190 யூனிட். மூன்று நட்சத்திரம் என்றால் 211. வித்தியாசம் 21 யூனிட்தான். ஆனால் இரண்டாவது வீட்டுக்கு அந்த மாத இலவசமே போய்விடுகிறது. இத்தகைய விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு நட்சத்திரம் ஆடம்பரம் அல்ல.

வெந்நீரின் கதை வேறு

பெங்களூரில் அறையைச் சூடாக்கும் தேவை பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. ஆனால் வெந்நீர் வருடம் முழுவதும் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தொட்டி கீசரின் நட்சத்திரம் சூடான தண்ணீர் ஆறாமல் இருக்கும் திறனை மட்டுமே அளக்கிறது; சூடாக்கத் தேவைப்படும் மின்சாரத்தை அல்ல. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக எந்த கீசருக்கும் குறைந்தது 0.7 யூனிட் வேண்டும். இயற்பியல் விதிக்குத் தள்ளுபடி கிடையாது. சுவிட்சை நாள் முழுவதும் அணைக்காத வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் லாபம். குளிக்கும் முன் இருபது நிமிடம் போட்டு அணைப்பவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

உண்மையான சேமிப்பு மொட்டை மாடியில் இருக்கிறது. புதிய கட்டடங்களில் சூரிய வெந்நீர்க் கலன் பொருத்துவதை 2007-லேயே கர்நாடகம் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஆடி மாத மேகமூட்டத்தில் அது சோர்ந்துபோகும்; அந்த நாட்களுக்கு மட்டும் கீசர் போதும்.

கூரையிலும் ஒரு சேமிப்பு தொங்குகிறது. மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் கட்டாயம். 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி நாளுக்கு பத்து மணி நேரம் சுற்றினால் ஆண்டுக்கு 164 யூனிட் மிச்சம். மேலே பார்த்த பெங்களூர் ஏசி கணக்கின் 42 யூனிட்டைவிட இது ஏறக்குறைய நான்கு மடங்கு.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது பி.இ.இ. நட்சத்திர லேபிள் ஏசிகள் இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. ஐந்து நட்சத்திர ஏசியை வாங்கி, 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்பவருக்கு மட்டும் எந்த லேபிளும் உதவாது.