ஏழு பவுண்டும் ஒரு மாணிக்கமும்

பெர்னார்ட் கார்ன்வெல்லின் 'ஷார்ப்' போர்க்கதை வரிசை தொடங்கியது 1981-இல். 2023-இல் வந்த 'ஷார்ப்ஸ் கமாண்ட்' வரை எண்ணினால் 23 நாவல். கதைக்குள் ஓடும் காலமோ 1799 முதல் 1821 வரை, 22 வருடம்தான். நாயகன் ஒரு வருடம் வாழ, ஆசிரியருக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. இந்த 23-இல் இந்தியாவில் நடப்பவை மூன்று. முதலாவது, 1997-இல் வந்த 'ஷார்ப்ஸ் டைகர்', மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைப் பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டதைப் பற்றியது.

எழுதிய வரிசையில் அது 14-ஆவது, கதை வரிசையில் முதலாவது. வாசகர்களுக்குள் ஓயாத சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1981-இலிருந்து போனால்தான் ஆசிரியர் கை தேறுவது தெரியும் என்கிறது ஒரு கட்சி. 1799-இலிருந்து போனால்தான் நாயகன் வளர்வது தெரியும் என்கிறது மற்றொன்று. நம் பக்கத்து வாசகருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். பஸ் ஏறிப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரிபார்க்க வேண்டிய கணக்கு இது. ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸின் படை 1799 பிப்ரவரியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியது. ஏப்ரல் 5-இல் முற்றுகை. மே 4, பகல் 1 மணிக்கு, சூரியன் உச்சியில் நின்று கோட்டைக்காரர்கள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, உடைந்த மதிலை நோக்கி இறங்கியவர்கள் 4,376 பேர். கோடையில் காவிரி வற்றிக் கிடந்தது. மழை வருவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. முன்னால் போனவர் டேவிட் பெயர்ட். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பிடிபட்டு, 44 மாதம் இதே ஊரில் சங்கிலியில் கிடந்தவர். அதே போரில் பிடிபட்ட கர்னல் பெய்லி 1782-இல் சிறையிலேயே இறந்தார். இன்று அவர் பெயரில் காட்டப்படும் நிலவறையில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைகளையும், சங்கிலி கோக்க அவற்றில் போட்ட துளைகளையும் பார்க்கலாம். நாவலில் ஷார்ப்பும் இந்த ஊரில் ஒரு சிறைக்குள் போகிறான். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் அங்கேதான் எழுத்துக் கூட்டப் பழகுகிறான்.

கோட்டை விழுந்தபின் ஜெயித்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பீரங்கி 929. இரும்புக் குண்டு நான்கு லட்சத்துக்கு மேல். வெடிமருந்து 5,20,000 ராத்தல், அதாவது சுமார் 236 டன். துப்பாக்கி ஏறத்தாழ 99,000. ராக்கெட் ஏவும் சட்டம் 600, ஏவத் தயாராக இருந்த ராக்கெட் 700, மருந்து அடைக்காத வெற்றுக் குழாய் 9,000. பீரங்கியை ஒன்று விடாமல் எண்ணிய கணக்கப்பிள்ளைகள், மைசூர்ப் பக்கம் மாண்டவர்களை மட்டும் ஆயிரங்களில் முடித்துக்கொண்டார்கள். ஆறாயிரம் என்பார்கள், அதற்கு மேலும் என்பார்கள்.

அடுத்தது பங்கீடு. கொள்ளைப் பணம் 11,43,216 பவுண்டு. எட்டில் ஒரு பங்கு, 1,42,902 பவுண்டு, ஹாரிஸுக்கு. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லிக்குச் சுமார் 4,000. வெள்ளைக்காரச் சாதாரணச் சிப்பாய்க்குச் சுமார் 7 பவுண்டு. இந்தியச் சிப்பாய்க்குச் சுமார் 5. அன்றைக்குப் பிரிட்டிஷ் சிப்பாயின் நாள் சம்பளம் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே அவன் உயிரைப் பணயம் வைத்து வாங்கியது 140 நாள் கூலி. ஹாரிஸின் பங்கை அதே கூலியாகச் சேர்க்க அவனுக்கு 7,800 வருடத்துக்கு மேல் ஆகும்.

வாசகர்கள் இந்த வரிசையை ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்பதற்கு என் பதில் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. நாவலில் ஷார்ப் வெறும் சிப்பாய். சார்ஜென்ட் ஹேக்ஸ்வில்லின் சூழ்ச்சியில் 2,000 சவுக்கடி தண்டனை விழுகிறது. ஏறத்தாழ 200 விழுந்தபின், உளவு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவிழ்த்துவிடுகிறார்கள். கடைசியில் நீர்வாசலில் திப்புவைக் கொல்பவன் அவனே. திப்புவின் மாணிக்கத்தையும் மற்ற நகைகளையும் சுருட்டிக்கொள்பவனும் அவனே. உண்மையில் திப்புவைக் கொன்றவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரியாத அந்த இடத்தில் கார்ன்வெல் தன் ஆளை உட்கார வைத்தார். 7 பவுண்டுக்காரனுக்கு ஜெனரலின் வரவு கிடைக்கிறது. யாருக்குத்தான் கசக்கும்?

எல்லாச் சரித்திரச் சம்பவத்திலும் இவன் எப்படி முன்னால் நிற்கிறான் என்பது பலரின் புகார். ஹேக்ஸ்வில் புத்தகத்துக்குப் புத்தகம் சாகாமல் தப்புவது இன்னொரு புகார். அவன் பின்னால் எப்படிச் சாவான் என்பதைப் பத்து வருடத்துக்கும் முன்பே எழுதியாகிவிட்டதால் இங்கே அவனைக் கொல்ல வழியில்லை. இதை நான் மன்னித்துவிடுவேன். முதல் புகாருக்கு ஆசிரியரே நூலின் முடிவில் பதில் வைத்திருக்கிறார். எது நடந்தது, எதை நான் கட்டினேன் என்று சரித்திரக் குறிப்பில் ஒப்புக்கொள்வது அவர் வழக்கம். கதையை விட அந்தக் குறிப்பை முதலில் புரட்டுகிறவர்களும் உண்டு. நம் சரித்திரத் தொடர்கதைக்காரர்களில் எத்தனை பேர் இப்படிக் கணக்குக் காட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் குறை வேறு. மே 4 அன்று இறங்கிய 4,376 பேரில் 1,882 பேர் இந்தியச் சிப்பாய்கள், நூற்றுக்கு 43 பேர். பெரும்பாலோர் மதராஸ், வங்காளம், பம்பாய்ப் படைகளிலிருந்து வந்தவர்கள். மதராஸ் படையில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் ஏராளம். திப்புவுக்குக் கார்ன்வெல் வீரமும் கம்பீரமும் கொடுத்தார், அதில் வஞ்சனை இல்லை. ஆனால் கம்பெனிச் சிப்பாய்களில் ஒருவன்கூடக் கதையின் மையத்துக்கு வரவில்லை. அந்த 43 விழுக்காட்டுக்கு, 5 பவுண்டைப் போலவே, பக்கத்திலும் சின்னப் பங்குதான்.

மாணிக்கம் என்ன ஆயிற்று? ஆசிரியருக்கு அங்கே ஒரு சிக்கல். 1981-இல் எழுதிய நாவலில், 1809-இல் ஷார்ப் காசில்லாதவன். 1997-இல் எழுதிய நாவலில் 1799-லேயே அவன் பை நிறைந்துவிட்டது. பத்து வருடத்துக்குள் அதைக் காலி செய்தாக வேண்டும். 1999-இன் 'ஷார்ப்ஸ் ஃபோர்ட்ரஸ்' நாவலில் ஹேக்ஸ்வில் நகைகளைப் பறிக்கிறான், ஷார்ப் மீட்டுவிடுகிறான். பிறகு டிரஃபால்கர் போரைப் பற்றிய நாவலில், கப்பலில் ஒரு சீமாட்டியோடு காதல். 2001-இன் 'ஷார்ப்ஸ் ப்ரே' தொடங்கும்போது அவள் பிரசவத்தில் இறந்திருக்கிறாள். சொத்தெல்லாம் அவளுடையதே என்று வக்கீல்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திப்புவின் செல்வம் கதையிலும் கடைசியில் லண்டன் பெரிய வீட்டுக் கணக்கில்தான் சேர்ந்தது.