தொடர்ச்சியும் தேக்கமும்: ஒரு யப்பானியப் படக்கதை பற்றிய நோக்கு

முற்றுப்பெற்ற கதையொன்றுக்கு அதன் ஆசிரியர்களே பிற்காலத்தில் தொடர்ச்சி படைக்கும்போது, பழைய பாத்திரங்கள் மீண்டும் தோன்றுவது மாத்திரம் போதுமானதன்று. முதற்கதை நின்ற இடத்திலிருந்து அவர்களிடையேயான உறவு மேற்செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லாதவிடத்து நிகழ்வது யாது என்பதை, ‘கார்ட்கப்ரர் சகுரா’ என்னும் யப்பானியப் படக்கதையை (மங்கா) ஆதாரமாகக் கொண்டு நோக்கலாம்.

‘கிளாம்ப்’ என்ற பெயரில் இயங்கும் நான்கு பெண் கலைஞர்களின் கூட்டுப் படைப்பு இது. ‘நகயோஷி’ என்னும் சிறுமியர் மாத சஞ்சிகையில் 1996 முதல் 2000 வரை தொடராக வெளிவந்து, 12 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. சிதறிய மந்திர அட்டைகளைத் தேடிக் கைப்பற்றும் பொறுப்பு, சகுரா என்னும் பத்து வயதுச் சிறுமியைச் சேர்வது கதையின் புறச்சட்டகம். அகத்தே நிகழ்வது அன்பு பற்றிய கல்வியாகும். ஹொங்கொங்கிலிருந்து வரும் ஷாவோரன் தொடக்கத்தில் அவளது போட்டியாளன். இருவருமே யுகிட்டோ என்னும் இளைஞன்பால் ஈர்க்கப்பட்டவர்கள். சகுரா தன் விருப்பத்தை யுகிட்டோவிடம் வெளியிட, அது தந்தைபாற் கொண்ட அன்பை ஒத்தது என்பதை அவன் பரிவோடு உணர்த்துகின்றான். அவ்வேளை அவளது கண்ணீருக்குத் துணைநிற்பவன் ஷாவோரனே. போட்டி தோழமையாகவும் தோழமை காதலாகவும் படிப்படியாக மாறுகின்றது. ஒவ்வொரு படியிலும் சகுரா தானே அறிந்து, தானே தெரிவு செய்கின்றாள்.

இதன் தொடர்ச்சியான ‘கிளியர் கார்ட்’ 2016 முதல் 2023 வரை அதே சஞ்சிகையில் வெளிவந்தது. சகுரா இடைநிலைப் பள்ளியிற் சேர்கின்றாள், ஷாவோரன் திரும்பிவிட்டான், காதல் இருவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆயின், ஒப்புக்கொள்ளப்பட்ட காதல் அன்றாட வாழ்வில் எவ்வாறு வளர்கின்றது என்ற வினாவைத் தொடர்ச்சி பெரிதும் ஒதுக்கிவிடுகின்றது. புதிதாகத் தோன்றும் அட்டைகள் சகுராவின் சொந்த ஆற்றலால் உருவாகின்றவை. வாசகர் இதனை அறிவர், ஷாவோரனும் அறிவான், சகுரா மாத்திரம் நெடுங்காலம் அறியாள். பழைய அட்டைகளை அவளறியாது எடுத்து மறைத்தவனும் ஷாவோரனே. அவளைக் காத்தலே அவன் நோக்கம்.

புதிய பாத்திரங்களான அகிஹோ, கைட்டோ ஆகியோரிடத்தும் இதே அமைப்பு காணப்படுகின்றது. அகிஹோ தன்னைப் பற்றிய உண்மையை அறியாள். கைட்டோ அதனை மறைத்து அவளைக் காக்க முயல்கின்றான். அவன் கையாளும் மந்திரம் காலத்தையே பின்திருப்புவது. நடந்தவை நடவாதனவாகும் ஒரு கதையுலகில் அனுபவம் திரள்வதெங்ஙனம்? அனுபவம் திரளாதவிடத்து உறவும் வளர்வதில்லை. உள்ளடக்கத்தின் தேக்கத்துக்கு உருவமே துணைபோகின்றது எனலாம்.

இவ்விணைநிலை திட்டமிட்ட கலையுத்தி என வாதிடுவோர் உளர். மறைத்தலும் காத்தலும் நூலின் கருப்பொருள் என்பது உண்மையே. ஆனால் அக்கருப்பொருள் மையப் பாத்திரங்களின் உறவைச் சோதிப்பதற்கன்றி, மர்மத்தை நீட்டுவதற்கே பெரிதும் பயன்பட்டுள்ளது. மாதந்தோறும் ஆவலைத் தூண்டவேண்டிய சஞ்சிகைத் தொடரின் தேவையும், பழைய வாசகரின் நினைவிலுள்ள இணையை அந்நிலையிலேயே பேணவேண்டிய சந்தைத் தேவையும் இதற்குத் துணைக்காரணிகளாயிருத்தல் கூடும்.

இங்கு இழக்கப்படுவது காதற்காட்சிகள் சில மாத்திரமல்ல. முதற்கதையில் அறிபவளாயும் தெரிவு செய்பவளாயும் விளங்கிய சிறுமி, தொடர்ச்சியில் தன் ஆற்றலைப் பற்றியே பிறர் அறிந்திருக்கத் தான் அறியாதவளாக, காக்கப்படும் பொருளாகின்றாள். காத்தல் அன்பின் வெளிப்பாடாகலாம். ஆயினும், காக்கப்படுபவளுக்கு உண்மை மறுக்கப்படும்போது அவ்வன்பு சமத்துவமற்றதாகிவிடுகின்றது. பெண்களாலேயே, சிறுமியருக்கென ஆக்கப்பட்ட ஒரு படைப்பில் இம்மாற்றம் நிகழ்ந்திருப்பது விமர்சகரின் கவனத்தை வேண்டி நிற்பதாகும்.